நாலு ஜான் மில்லர்

தூக்குவாளியை அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தார்கள்.

மூடி நசுங்கியிருந்தது. மேலே ஜான் மில்லர் என்று பொறித்திருந்தது.

பக்கத்தில் சாக்கு போட்டு மூடிய ஓர் உடம்பு. வாளி அதன் கையில் இருந்தது. பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நெருப்பு தின்ற முகம். இனி அதில் அடையாளம் கிடையாது.

அவள் வாளியைத்தான் பார்த்தாள். மற்ற மூன்று பெண்களும் வாளியைத்தான் பார்த்தார்கள்.

நாலு பேருக்கும் புருஷன் ஜான் மில்லர்.

கப்பலை விட்டு இறங்கும்போது அவர்களுக்கு வேறு வேறு பேர் இருந்தது. பென்சில்வேனியாவில், இந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்த குமாஸ்தாவுக்கு அதெல்லாம் வாயில் நுழையவில்லை. ஜான் மில்லர் என்று எழுதினான். அடுத்தவனுக்கும் அதையே எழுதினான். நாலு பேரையும் ஒரே குழுவில் போட்டான்.

"ஒரு சத்தம் குடுத்தாப் போதும். நாலு மாடும் திரும்பும்," என்று சிரித்தான்.

அவள் புருஷன் ஓந்திரேயும் சேர்ந்து சிரித்தான். கூலி வந்தால் சரி.

இன்று காலை பத்து மணிக்கு உள்ளே வெடித்தது.

சரிந்த பாறைக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர்க் குழாயில் தட்டுகிறார்கள். உயிரோடு எத்தனை பேரோ அத்தனை தட்டு. சுரங்கத்து வழக்கம் அது.

மூன்று தட்டு. நிற்கும். மறுபடி மூன்று.

நாலாவது வரவில்லை.

"தொறந்து பாருங்கம்மா," என்றான் குமாஸ்தா. "காலைல கட்டிக் குடுத்தது எதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

யாரும் குனியவில்லை. மூடி திறக்காதவரை அங்கே யாரும் விதவை இல்லை.

யூலா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. எட்டு மாதம். நகம் சதையில் இறங்கியது.

"காலியா இருக்கக் கூடாதுக்கா. காலியா மட்டும் இருக்கக் கூடாது. வீட்ல மாவு இல்ல. அவரு வெறும் வாளியத்தான் தூக்கிட்டுப் போனாரு."

யூலாவின் பிடியில் நின்ற அவளுக்கு மூத்திரம் முட்டியது. தொடையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

குமாஸ்தாவே வாளியைக் காலால் அணைத்துக்கொண்டு மூடியை நெம்பினான்.

ரொட்டி.

சீரகம் போட்ட கறுப்பு ரொட்டி.

அந்த வரிசை வீடுகளில் சீரகம் போட்டுச் சுடுகிறவள் அவள் ஒருத்திதான். எல்லோருக்கும் தெரியும்.

மற்ற இருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

அவள் வாளியின் முன்னால் உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் ரொட்டியைச் சரியாகப் பார்த்தாள்.

முனைத்துண்டு. அடுப்பில் கருகிய முனை.

ஓந்திரேய்க்கு முன்பல் இரண்டும் கிடையாது. அவனுக்கு நடுத்துண்டுதான் வைப்பாள். என்றைக்கும் நடுத்துண்டுதான். இன்றைக்கும்.

முனையை விடியற்காலையில், கொல்லைக் கதவருகே வந்து நின்றவனிடம் கொடுத்திருந்தாள். யூலாவின் புருஷன். தொப்பியைக் கையில் போட்டுக் கசக்கிக்கொண்டே நின்றான்.

"அவகிட்டச் சொல்லிராதீங்கக்கா. கேட்டு வாங்குனேன்னு தெரிஞ்சா நாண்டுக்குவா."

சொல்ல மாட்டேன் என்று சிரித்து அனுப்பினாள்.

யூலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அவளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்காக அழுதாள். அந்தப் பெரிய வயிறு அவள் விலாவில் இடித்தது.

"நான் இருக்கேன்க்கா. ஒன்னத் தனியா விட்ற மாட்டேன்."

குழாயில் தட்டினார்கள். மூன்று.

அவள் யூலாவின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். இன்னும் அழுத்தினாள்.

விட்டால், யூலா இவள் முகத்தைப் பார்த்துவிடுவாள்.