வண்டி எடுக்காத நாள்

விடுதி மொட்டைமாடியில் துவைத்த உடுப்புகளைக் காயப்போட்டுவிட்டு மறுபடி போனைப் பார்த்தேன். அனுப்பிய படத்துக்குக் கீழே இன்னும் ஒற்றை டிக்தான்.

தனியாகக் கிளம்பிய சைக்கிள் பயணத்தில் இன்று எனக்கு ஓய்வு நாள். கடலோர ஊர், நல்ல காற்று, எங்கேயும் போக வேண்டியதில்லை. இப்படி ஒரு நாளுக்காகத்தான் நேற்று அத்தனை மேட்டையும் மூச்சிரைக்க மிதித்து ஏறினேன்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஓர் ஒப்பந்தம். போகிற வழியில் எங்கே நின்றாலும் சைக்கிளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். என் படம் வேண்டாமாம். "உன் மூஞ்சியத்தான் முப்பது வருஷமா பாக்கறேனே" என்றார்.

அனுப்பியதும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்துவிடும். விடியுமுன் அனுப்பினாலும் வரும், உச்சிவெயிலில் மரத்தடியில் நின்று அனுப்பினாலும் வரும். மனுஷனுக்கு வேறு வேலைவெட்டி இல்லை என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

நான் பத்திரமாக இருக்கிறேனா என்று பார்க்க அவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. போன வருடம் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, அந்த விரலைப் பார்த்தால்தான் எனக்கு அடுத்த வாய் தண்ணீர் இறங்கும்.

இன்று காலை, விடுதி நடையில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் படமெடுத்து அனுப்பினேன். விரல் வரவில்லை. கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு பெண்குரல், யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்கிற மாதிரி.

சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். விட்டதையே மறந்து இன்னொரு முறை விட்டேன்.

"சும்மா கடல் பக்கம் போய் உக்காந்துட்டு வாங்களேன்" என்று விடுதிக்காரம்மா விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார்.

கடற்கரையில் எல்லோரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அவர்கள் அலையைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பாரோ. மாத்திரையை மறந்திருப்பாரோ. மனசு கண்டதையும் இழுத்துக்கொண்டு வந்து போட்டது. வியாதிக்காரப் புருஷனை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினாளே என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். அவர் போனை எடுத்தால் போதும்.

பொறுக்க முடியாமல் கொழுந்தனைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிப் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். வாயைத் திறந்துகொண்டிருந்த ஒருவரை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினார். பதறாதீர்கள் அண்ணி என்று சொன்ன அந்தக் குரலே பதறிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டு வாசலுக்குப் போனதும் கூப்பிட்டார். லைனைத் துண்டிக்க வேண்டாம் என்றேன்.

காலிங்பெல் அடிப்பது கேட்டது. எனக்குப் பின்னால் யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடியும் பெல்.

"செருப்பு வெளியதான் கிடக்கு, அண்ணி."

அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறார். உள்ளே இருந்துகொண்டும் திறக்கவில்லை. எழுந்து நின்றேன்.

கொழுந்தன் கதவைத் தட்டினார். பிறகு இடித்தார். கதவை உடைத்துவிடட்டுமா என்று கேட்டார். உடையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"எதுக்குடா இப்படிப் போட்டு இடிக்கற?"

அவரேதான். தூக்கத்தில் கரகரத்த குரல். மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. பட்டப்பகலில் என்ன தூக்கம், போனை எதற்காக அணைத்தீர்கள், மனுஷியைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்க எல்லாவற்றையும் நாக்கில் வரிசையாக வைத்துக்கொண்டேன்.

அதற்குள் கொழுந்தனே கேட்டுவிட்டார். கையிலிருக்கும் போனில் நான் இருப்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. அவருடைய அண்ணனுக்குத் தெரியவே தெரியாது.

"இன்னிக்கு ரெஸ்ட்டுன்னு நேத்தே சொல்லிட்டாடா உங்க அண்ணி. அவ வண்டி எடுக்காத நாள்லதான் எனக்குக் கண்ணு மூடுது. மத்த நாளெல்லாம் எந்த லாரி எந்தப் பக்கம் வருமோன்னு போனையே பாத்துக்கிட்டு முழிச்சிருக்கேன். அதான் அணைச்சுப் போட்டுட்டுப் படுத்தேன், நீ வந்து நிக்கற." பிறகு சொன்னார். "இதையெல்லாம் அவகிட்ட உளறி வைக்காத. திரும்பி வந்துடுவா."

நாக்கில் வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு லைனைத் துண்டித்தேன்.

விடுதிக்குத் திரும்பினேன். கேட்டை எப்போது திறந்துவைக்க வேண்டும், விடியற்காலையிலேயே கிளம்புகிறீர்களா என்று விடுதிக்காரம்மா கேட்டார். நாளைக்கும் இங்கேதான் என்றேன். எங்கள் ஊர் அவ்வளவு பிடித்துப்போயிற்றா என்று அவருக்கு ஒரே பெருமை. கடலைக்கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. ஆமாம் என்றேன்.

அறைக்கு வந்து அவருக்குச் செய்தி எழுதினேன். கால் வலிக்கிறது, நாளைக்கும் வண்டி எடுக்கவில்லை.

அனுப்பப் போனவள் நிறுத்தினேன். கால் வலி என்றால் அதற்கும் தூங்கமாட்டார்.

அழித்துவிட்டு, ஊர் ரொம்ப அழகு, கிளம்பவே மனசில்லை என்று எழுதி அனுப்பினேன்.