காற்று போக ஒரு குழாய்

திருமலை தன் வீட்டுக் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டிய அன்று தெருவே அவனைத் திட்டியது.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெரு அது. மற்ற கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. திருமலை வீட்டுக் கிணறு மட்டும் இன்னும் நல்ல தண்ணீர். ஒரு காலத்தில் எல்லோரும் வந்து இறைத்தார்கள். கேன் தண்ணீர், லாரித் தண்ணீர் என்று பழகிய பிறகு வாளியும் கயிறுமாக வருவது பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் ஒருத்திதான்.

பவுனம்மாள் காசிமேட்டில் மீன் எடுத்து டோல்கேட்டில் விற்பவள். புருஷன் போன பிறகு தனியாக நின்று இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். யாரிடமும் ஒரு தீப்பெட்டி கூட ஓசி கேட்டதில்லை. அதைத் தெருவுக்கே அடிக்கடி சொல்லவும் செய்வாள்.

"இன்னாடா திருமல, பூட்டு போட்டுட்ட? நான் இறைக்கிற ஆறு கொடத்துல உன் கெணறு வத்திப் பூடுமா?"

"அது இல்ல பெரிமா. மாடி ஷவர்ல தண்ணி நூலு மாரி வருது. வினிதா தெனம் பேஜாரு பண்ணுது. பைப்பு பூரா துரு. புச்சா பைப்பு போட்டு, டேங்க்க ஒசத்தி, தண்ணிக்குள்ள எறக்குற மோட்டாரு போட்டுகீறேன். வாளி பட்டா ஒயரு அறுந்துடும்."

"அப்ப எனுக்கு?"

"கொடத்தக் குடு. நானே புடிச்சித் தரேன்."

அவ்வளவுதான். பவுனம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உன் வூட்டு வாசல்ல கொடத்த வெச்சிகினு நிக்கச் சொல்றியா? என் கையால இறைச்சா அது என் தண்ணி. நீ ஊத்தினா பிச்ச. போடா."

பெண்டாட்டி வினிதா ஷவரில் குளிக்க வேண்டும் என்பதற்காகக் கிணற்றைப் பூட்டிவிட்டான் என்று டீக்கடை வரை பேச்சு.

மறுநாள் அவன் பிளம்பர் தமீமைக் கூட்டிக்கொண்டு பவுனம்மாள் வீட்டுக்கே போய் நின்றான். அதுவும் உதவி கேட்டு.

"பெரிமா, உன் செவுத்துல ஒரு ஓட்டை போடணும்."

"இன்னாது?"

தமீம் பணிவாக விளக்கினான். "பைப்புல காத்து நின்னுகுதும்மா. கடைசி முனையில ஒரு கொயா வெச்சி, தெனம் காலைல ஆறு கொடம் தண்ணிய தொறந்து வுட்டாதான் காத்து வெளிய போவும். அந்த முனை உங்க வூட்டுப் பக்கம்தான் வருது."

"அஞ்சு கொடம் வுட்டா?"

"மேல தண்ணி ஏறாதும்மா."

திருமலை கையெடுத்துக் கும்பிட்டான். "உன்ன வுட்டா எனுக்கு யாரு பெரிமா? வினிதா அவங்க அம்மா வூட்டுக்குப் போறேன்னுது."

பவுனம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நேற்று பூட்டுப் போட்டவன் இன்று கும்பிடுகிறான். அந்தச் சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

"சரி, போட்டுத் தொல. ஆனா ஓட்டைய ஒழுங்கா சிமெண்டு வெச்சி பூசணும், சொல்லிட்டேன்."

கிணற்றையும் பூட்டிவிட்டு அவள் சுவரையும் உடைக்கிறான், வெட்கம் கெட்டவன் என்றது தெரு. பவுனம்மாளோ அன்றிலிருந்து டோல்கேட்டில் மீன் வாங்க வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க தெருவுல ஒர்த்தன் வூட்டுக்கு நான் தொறந்து வுட்டாதான் தண்ணியே ஏறும்."

பத்து நாள் போனது. காலை ஆறு மணி. திருமலைக்கு ஹார்பரில் டிரெய்லர் டூட்டி. அவன் குளிக்கப் போனதும் வினிதா, தெருவில் போன தமீமை மாடிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"இன்னா பாய், இவ்ளோ வேல பண்ணியும் காலைல ஷவரு பழையபடி நூலாதான் கீது?"

தமீம் தலையைச் சொறிந்தான். "பக்கத்து வூட்டுக் கொயாவ மூடினா பிச்சிகினு ஊத்தும்க்கா. பிரஷரெல்லாம் அங்க போயிடுது."

"மூடினா காத்து நிக்குமே?"

"காத்தாவது ஒண்ணாவது. அண்ணன் சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

வினிதா பாத்ரூம் கதவைப் படபடவென்று தட்டினாள். "இன்னாங்க இது? எதுக்கு இந்தப் பொய்யி?"

உள்ளேயிருந்து திருமலையின் குரல் மட்டும் வந்தது.

"போன மாசம் கெணத்தாண்ட பாத்தேன் வினிதா. பெரிமாவுக்கு வலது கை தோளுக்கு மேல தூக்க வரல. கயித்தப் பல்லால கடிச்சிகினு ஒத்தக் கையால இழுத்துகினு இருந்துச்சி. காலு வழுக்கி அப்டியே கெணத்துச் செவுத்து மேல சாஞ்சிடுச்சி. இன்னும் ஒரு சாண் போயிருந்தா உள்ள. நான் ஓடிப்போய் நின்னா, 'இன்னாடா மொறச்சிகினு கீற'ன்னு என்னையே கேக்குது. மூடி போடாம வுட சொல்றியா? சும்மா குடுத்தா அது வாங்குமா?"

வினிதாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இப்படி ஒருத்தனைக் கட்டிக்கொண்டதில் நெஞ்சு நிறைந்துபோனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பவுனம்மாள் குரல் கேட்டது.

"ஏ வினிதா, இன்னிக்கு உங்களுக்காவ எட்டு கொடம் தொறந்து வுட்டுகீறேன். மேல தண்ணி நல்லா ஏறுதா?"

பாத்ரூமில் ஷவர் சொட்டக்கூட இல்லை. தலை முழுக்க சோப்பு நுரையோடு திருமலை கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான்.

வினிதா மாடிச் சுவரில் சாய்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பிச்சிகினு ஊத்துது பெரிமா. நீ மட்டும் இல்லன்னா எங்க வூட்டுல தண்ணி ஏது?"