ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி

புதுப் போனைக் கையில் வாங்கியதும் தையல்காரர் செய்த முதல் காரியம், அதைத் தன் மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்ததுதான்.

திரையில் அவள் வந்தாள். மூக்கோரத்துக் குட்டி மச்சம்கூடப் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் நிஜமாக நிற்கிறவளை விட்டுவிட்டு, மனிதர் திரையில் தெரிகிறவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பின்னே? ஆறு வருடமாகப் பழைய போனில் அவள் கட்டம் கட்டமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குச் சமையல் வேலை. வந்திருப்பது இரண்டாவது விடுப்பு.

பழைய போனை நம்பி அவர் ஒரு கூத்தே நடத்தியிருந்தார். வருகிறவளுக்கு ஒரு சட்டை தைத்து வைப்போம் என்று, திரையில் தெரிந்த தோளைப் பார்த்தே கண்ணளவில் துணியை வெட்டிவிட்டார். அவள் வந்து போட்டுப் பார்த்தால், உள்ளே இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம். அவ்வளவு இளைத்திருந்தாள்.

ஊருக்கெல்லாம் அளவு தப்பாமல் தைக்கிறவருக்கு வீட்டுக்காரியின் அளவு தெரியவில்லை. புதுப் போன் வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்.

சனிக்கிழமை அவள் திரும்ப விமானம் ஏற வேண்டும். இன்று வியாழன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் கடைப் பெண். "இந்தப் போன் கம்பெனி ஆஃபர்ல வர்றது, எடுத்தா அவங்க புது பிளானுக்கு மாறணும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். உங்க பழைய அன்லிமிடெட்டை விட்டீங்கன்னா திரும்பக் கிடைக்காது. அதை இப்ப யாருக்கும் தர்றதில்ல."

தையல்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அன்லிமிடெட்டில்தான் அவர்களுடைய குடித்தனமே நடந்தது. கடை திறந்ததும் போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைப்பார். அங்கே அவள் அடுப்படி அலமாரியில் வைப்பாள். அப்புறம் வேலை முடிகிற வரை இரண்டு பேரும் வீடியோ அழைப்பைத் துண்டிப்பதே இல்லை.

பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அவள் காய் நறுக்குவாள், இவர் பட்டன் தைப்பார். அந்தப் பக்கம் இருமல் கேட்டால் மாத்திரை போட்டாயா என்பார். சண்டையும் அதில்தான், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அதில்தான்.

ஒன்றரை ஜிபி இவர்களுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. புதுப் போனில் மச்சம் தெரியும், ஆனால் ஒரு மணி நேரத்தில் அவள் போய்விடுவாள். பழையதில் மச்சம் தெரியாது, ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருப்பாள்.

மனசே இல்லாமல் போனைத் திருப்பி நீட்டினார்.

பாதி வழியிலேயே மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள். இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். சின்னப் பிள்ளைபோல முகமெல்லாம் சிரிப்பாக, கறுப்பா நீலமா என்று நிறம் வேறு பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் இந்த மூஞ்சியைப் பார்த்துச் சலித்துவிட்டதோ? சலித்திருந்தாலும் குற்றம் சொல்வதற்கில்லை. அவரே கண்ணாடியில் அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை.

"ஒரு மணி நேரம் போதுமா உனக்கு?" என்றார், கடைப் பெண்ணுக்குக் கேட்காத குரலில்.

அவள் காதில் விழாதவள் போல நீலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பழைய பிளானை எடுத்துவிடச் சொன்னாள்.

கடைப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுக்கங்கக்கா. பத்தலன்னு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"பத்தாம என்னம்மா? வேலைய விட்டாச்சு. டிக்கெட்டையும் நேத்தே ரத்து பண்ணிட்டேன்" என்றாள் அவள், கணவரைப் பார்க்காமல். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எவ்வளவு நேரம்தான் போன்ல பேசிக்கப் போறோம்?"