கழுத்தில் ஒரு மினுக்கம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எள்ளளவு வண்டு ஒன்றின் கதை சொல்கிறேன். முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

நுண்ணோக்கியில் குனிந்திருந்த பூச்சி ஆய்வாளர் மூச்சை அடக்கினாள்.

வண்டின் கழுத்தில் ஒரு மினுக்கம்.

பசை.

எறும்புப் புற்றில் கிடைத்த வண்டு அது. சிறகை மூடும் ஓடு பாதி முதுகோடு நின்றுவிடும், வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடச் சட்டை மாதிரி. அந்த ஜாதியே அப்படித்தான். ஆனால் இதன் தலை ஒரு கூட்டத்தைச் சொன்னது, உடம்பு வேறு கூட்டத்தைச் சொன்னது. எந்த வகைப்பாட்டிலும் அடங்கவில்லை. மழை விட்டதிலிருந்து ஆறு மாதம் அதையே பார்த்துப் பார்த்து, இது புதுப் பேரினம் என்று கட்டுரை எழுதி முடித்திருந்தாள். இருபது வருட வேலையில் அவளே பெயர் வைக்கப்போகும் முதல் உயிர். மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

ஒட்டுப்போட்ட வண்டென்று நாளை வெளியே தெரிந்தால்?

யார் செய்த வேலை?

பக்கத்து மேசைக்காரர்தான். காலையில்கூட, "என்னம்மா, உங்க வண்டுக்கு இன்னும் பேர் வைக்கலையா?" என்று சிரித்தாரே. வண்டுப் பெட்டி இருக்கும் அலமாரியின் சாவி அவரிடமும் ஒன்று உண்டு. இப்போதும் ஓரக்கண்ணால் பார்க்கிறாரோ?

ஈரத் தூரிகையால் கழுத்தைத் தொட்டாள். இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பசை தண்ணீரில் கரையும்.

இது கரையவில்லை.

ஒட்டியது நடுங்காத கை. இடுக்கி பிடித்துப் பழகிய கை.

அலுவலகக் கூரை ஒழுகிய மாதம் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனது ஞாபகம் வந்தது.

கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கணவரைப் போனில் பிடித்தாள். கேட்டதும், கடையின் கடிகாரச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார்.

"துடைக்கும்போது பெட்டி கீழ விழுந்துடுச்சும்மா. ரெண்டு வண்டுக்குத் தலை தனியா வந்துடுச்சு. நீ ஒடிஞ்சு போயிடுவியேன்னு லென்ஸ் போட்டுப் பாத்துதான் ஒட்டினேன். ஏன், தலை மாறிடுச்சா?"

அதே பெட்டியில் அவள் இதுவரை சீண்டாத இன்னொரு வண்டை நுண்ணோக்கிக்கு அடியில் நகர்த்தினாள். அதன் கழுத்திலும் மினுக்கம். அதில் இருந்தது முதல் வண்டின் தலை.

"மாறலைங்க. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு, கட்டுரையின் முதல் பக்கத்தில் புதுப் பேரினத்துக்கு வைத்திருந்த பெயரை மெல்லக் கோடு போட்டு அடித்தாள்.

கணவருடைய பெயர்.

உங்கள் வீட்டிலும் உடைந்ததை ஒட்டும் கை என்றைக்கும் இருக்கட்டும், தங்கங்களா. ஒட்டியதை அன்றைக்கே சொல்லிவிடும் வாயும் கூடவே இருக்கட்டும்.