குழாய்ச் சத்தம்

"மைனாக்கா, எங்க போனீங்க? சத்தமே வரலை!"

டைரக்டர் மைக்கில் அலறினார். கதாநாயகி கண்ணீர் வழிய, திறந்த வாயோடு அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த வரியை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் மைனா. கேமராவுக்குப் பின்னால் நின்று அவள் சொல்லச் சொல்ல, நடிகர்கள் வாங்கிச் சொல்வார்கள். பதினோரு வருஷமாக அதுதான் பிழைப்பு. அதனால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் மைனா.

இன்று மைனாவுக்கு நாக்கே எழவில்லை. கையிலிருந்த தாளை மறுபடியும் படித்தாள்.

'குளியலறை. மனைவி கதவைச் சாத்திவிட்டுக் குழாயைத் திறந்து விடுகிறாள். சண்டை குழந்தைக்குக் கேட்கக் கூடாதாம்.'

ஐயோ, இது என் வீட்டுக் குளியலறை ஆயிற்றே!

"தொண்டை கட்டிக்கிச்சு தம்பி. அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்று சமாளித்து வெளியே வந்தாள்.

விவாகரத்து வாங்கிய பிறகும் ஒருவரை ஒருவர் விட முடியாமல் தவிக்கிற ஜோடியின் கதை அது. போன மாதம்தான் வசனத்துக்குப் புது ஆள் போட்டார்கள். ஏதோ புனைபெயர். முகத்தை யாரும் பார்த்ததில்லை, ஃபோனில்தான் எல்லாம். முதல் வாரம், 'உங்களோட பேசறதுக்குச் சுவத்தோட பேசலாம்' என்று ஒரு வரி. சரிதான், எந்த வீட்டில்தான் இதைச் சொல்லவில்லை என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம், இப்போது பிரிந்திருக்கும் அவள் கணவர் அன்று உடைத்த நீலக் கோப்பையை அவள் பசை போட்டு ஒட்டி வைத்தது அப்படியே வந்தது. இப்போது குழாய்.

குழாய் வரைக்கும் வந்தவன் அந்த வார்த்தைக்கு வராமலா போவான்?

ஆறு வருஷத்துக்கு முன்னால், மகளைப் படுக்கப் போட்டுவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு போட்ட சண்டையில், கோபம் தலைக்கேறிச் சொல்லித் தொலைத்தாள்: "அவ ஒருத்தி பொறக்காம இருந்திருந்தா நான் என்னைக்கோ நிம்மதியாப் போயிருப்பேன்!" அவர் பதறிப்போய்க் குழாயை முழுசாகத் திறந்து விட்டார். மறு நொடியே அவள் வாயில் அடித்துக்கொண்டு, "பாவி, என்ன சொல்லிட்டேன்! அவ இல்லேன்னா எனக்கு உயிரே இல்லைங்க" என்று கதறினாள். கேட்டது அவர் மட்டும்தான். குழாய்ச் சத்தத்தில் அவருக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ஒரு நாள் விடாமல் இந்த சீரியலைப் பார்ப்பாள். முடிந்த கையோடு ஃபோன் வரும். "அந்த வசனத்தைச் சொல்றப்ப உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று துளைத்து எடுப்பாள். நீலக் கோப்பை அவளுக்கும் தெரியும். குழாயையும் பார்த்துவிட்டு, அதோடு அந்த வார்த்தையையும் கேட்டால், சொன்னது யார் என்று அவளுக்கு யாராவது விளக்க வேண்டுமா என்ன?

மைனாவின் கை தானாக அவர் நம்பரை அழுத்தியது.

"நீங்கதானே எழுதறீங்க? ஏங்க என்னை இப்படி உயிரோட கொல்றீங்க?"

"நானா? என் லீவ் லெட்டரையே நீதானே எழுதிக் கொடுப்ப!" அவர் குரல் இறங்கியது. "நானும் தினம் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். எனக்கும் பக்கு பக்குங்குது."

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்? அப்ப யாருங்க?"

"யாரோ இருந்துட்டுப் போகட்டும். அந்த வார்த்தை மட்டும் வராமப் பார்த்துக்கோ. புள்ள தாங்க மாட்டா." ஃபோனை வைக்கப் போனவர் கேட்டார்: "நீ சாப்பிட்டியா?"

பாழாய்ப்போன அந்தக் கேள்வியில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள்.

அவர் இல்லையென்றால் வேறு யார்? செட்டுக்குள் வந்தவளுக்கு லைட்மேன், மேக்கப் பெண் எல்லோருமே தன் ரகசியம் தெரிந்தவர்களாகப் பார்ப்பது போல் இருந்தது.

"வாங்கக்கா, அடுத்த தாள் வந்தாச்சு" என்று டைரக்டர் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தாள். ஒரு எழுத்து பிசகாமல் இருந்தது அந்த வார்த்தை.

"தம்பி, உங்க காலில் வேணும்னாலும் விழறேன். இந்த ஒரு வரியை எடுத்துடுங்க."

"என்னக்கா விளையாடறீங்க? சீனே அந்த வரியிலதான் நிக்குது! ஆனா பாருங்க, அதுக்கு அப்புறம் தாள் காலியா இருக்கு. இருங்க, எழுதறவங்களையே கேட்டுடுவோம்."

டைரக்டர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடிக்க அடிக்க, மைனா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்கவும் பயம், கேட்காமல் போகவும் பயம்.

"வணக்கங்க. அந்த வரியைச் சொன்னதுக்கு அப்புறம் அந்தப் பொண்டாட்டி என்ன சொல்றா? ஒண்ணும் எழுதலையே?"

ஸ்பீக்கரில் வந்தது, தினமும் சீரியல் முடிந்த கையோடு மைனாவின் ஃபோனில் வருகிற அதே குரல்.

"தெரியல சார். என் கட்டில் அந்தக் குளியலறைச் சுவத்தை ஒட்டித்தான் இருந்துச்சு, அதுவரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு. அப்புறம் அப்பா குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டார்."