கூழாங்கல்லுக்குக் கீழே

எத்தனை கல்லை அள்ளிப் போட்டாலும் அந்த இரும்பு வளையம் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டே இருந்தது.

மணிமேகலை பட்டுப்புடவையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்னும் இரண்டு கை வெள்ளைக் கூழாங்கல்லை அதன் தலையில் கொட்டினாள். மாப்பிள்ளை வீட்டுக் கார் விராலிமலையிலிருந்து கிளம்பி வெகுநேரமாகிறது.

உலகத்தில் எவராவது செப்டிக் டேங்க் மூடியைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்களா? அவள் வீட்டுக்காரர் நாகராசு வைத்தார்.

சிங்கப்பூரில் கம்பி கட்டிச் சம்பாதித்த காசில் பொன்னமராவதியில் வீடு. யூடியூபில் எவனோ ஒரு வாஸ்துக்காரன் கக்கூஸ் தொட்டி வாயு மூலையில்தான் வரணும் என்றானாம். வடக்குப் பார்த்த வீட்டுக்கு வாயு மூலை எங்கே வரும்? முன்னாடிதான் வரும், கேட்டுக்குப் பக்கத்திலேயே. அதைக்கூட யோசிக்கத் தெரியாத மனுஷன்.

மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாமா என்று கேட்டவரும் அவர்தான். அப்புறம் லாரிக்காரன் எதைத் திறந்து உறிஞ்சுவான்? சரி, மேலே பைக்கை நிறுத்திவிடலாம் என்றார். இந்த ஆளுக்குச் சிங்கப்பூரில் எப்படித்தான் சம்பளம் கொடுத்தார்களோ!

அவருக்கென்ன, சிரித்துக்கொண்டே போய்விடுவார். தை மாசம் பெண் பார்க்க வந்த வேறொரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களில் ஒருத்தர் இந்த மூடிமேல் நின்றுகொண்டு, "பீத்தொட்டிய மிதிச்சா உள்ள போகணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மொத்தக் கூட்டமும் கை நனைக்காமல் காரேறியது. மகள் சுடர்விழி மூன்று நாள் ரூமை விட்டு வெளியே வரவில்லை.

பேச்சு ஒத்துவராத வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், இலையில் உட்காருவார்கள். கை நனைத்தால் கல்யாணம்.

அதனால்தான் கேட்டிலிருந்து போர்டிகோ வரை கூழாங்கல். மூடி மேல் மட்டும் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களே!

இத்தனைக்கும் வருகிறவர்கள் பெரிய ஜமீனா என்ன? ஹைவே ஓரம் டயர் கடை வைத்து மேலே வந்த குடும்பம். பையன் ரகுநாத் பேங்க் வேலையில் இருக்கிறான், சுடர்விழிக்கும் அவனைப் பிடித்துவிட்டது, அந்த ஒரே காரணத்துக்காக மணிமேகலை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது கண்ணாலேயே எல்லாவற்றையும் அளந்துவிட்டு வந்திருந்தாள். ஹாலில் பிரிட்ஜ். பிரிட்ஜுக்குப் பூப்போட்ட சட்டை. பையனின் அம்மா முத்துமாரியம்மாள் பேசினால் பக்கத்து ஊர் பஸ் நிற்கும். காபி குடித்துவிட்டுப் புடவையில் வாயைத் துடைத்துக்கொள்கிற ஜென்மம்.

கார் வந்துவிட்டது.

எல்லோரும் கல்லைச் சரக் சரக்கென்று மிதித்து உள்ளே போனார்கள். நாகராசு கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் ஓடினார். முத்துமாரியம்மாள் மட்டும் நடுவழியில் நின்றுவிட்டாள்.

காலடியைக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலால் கல்லைத் தள்ளினாள். வளையம் பல்லை இளித்தது.

போச்சு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுடர்விழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துமாரியம்மாள் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தள்ளிய கல்லையெல்லாம் அதே காலால் நைசாக இழுத்து மூடிவிட்டு, மணிமேகலையின் காதோரம் வந்தாள். அவளுக்கு இவ்வளவு மெதுவாகவும் பேச வரும் என்று யாருக்குத் தெரியும்!

"மெரளாதீங்க. எங்க வீட்லயும் இதே கூத்துதான். வாஸ்து, வாஸ்துன்னு வாசல்லயே தோண்டிப்புட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு இளக்காரமும் வந்தது. அடச்சீ, இவ்வளவுதானா இந்தக் குடும்பம்? இதுகளுக்குப் பயந்தா விடிந்ததிலிருந்து கல் பொறுக்கினோம்?

முத்துமாரியம்மாள் உள்ளே போய்ச் சோபாவில்கூட உட்காரவில்லை. நின்ற வாக்கிலேயே பழைய தொண்டையைத் திறந்தாள்.

"தண்ணி எங்கிட்டு இருக்கு? கை நனைக்கணும்ல!"

வீடே கலகலத்தது. நாகராசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதற்கும் அழுகிற மனுஷன்! ஜன்னலோரம் நின்ற சுடர்விழி சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் ஓடினாள்.

மணிமேகலை சொம்பை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் வந்தாலும் முதல்முறை கை நனைக்கிற சம்பந்திக்குப் பெண்ணின் அம்மாதான் ஊற்றவேண்டும். நீட்டிய கையில் ஊற்றிக்கொண்டே, உதட்டோரம் ஒரு சிரிப்போடு கேட்டாள்.

"ஆமா, நான் அன்னைக்கு வந்தப்ப ஒங்க வாசல்ல மூடி எதையும் பாக்கலையே. எப்படி மறைச்சீங்க?"

"அதுவா?" முத்துமாரியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "துளசி மாடம் வச்சிருக்கோம்ல, அதுக்கு அடியில. மாடம் பிளாஸ்டிக்குதான், லாரி வந்தா தூக்கி ஓரமா வச்சுக்கிருவோம்."

சொம்பு அந்தரத்தில் நின்றது.

"அன்னைக்கு நீங்க செருப்பக் கழட்டிப் போட்டுட்டு அத மூணு சுத்து சுத்தி, எலையக் கிள்ளி வாயில போட்டீங்க பாருங்க," என்றாள் முத்துமாரியம்மாள், "அப்பவே எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சுப் போச்சு மதினி."