நாற்பத்தோராவது வரி

அமைச்சர் பேனா மூடியைக் கழற்றுகிறார். பிளாஸ்டிக் இறக்குமதித் தடை நாளை முதல் அமல். கதவுக்கு வெளியே நிருபர்களின் சலசலப்பு. கோப்பை விரித்து நிற்கும் செயலாளரின் காதருகே, தடைப் பட்டியலைத் தட்டச்சு செய்த அலுவலக அம்மா குனிகிறார். “சார், நாற்பத்தொண்ணாவது வரியில ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாயும் இருக்கு.” “வெளிநாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதினதும்மா. அவங்களே தடை பண்ணியிருக்காங்க.” “அவங்க ஊர்லயே குழாயைத் தயாரிக்கறாங்க சார். நமக்குக் கப்பல்லதான் வருது.” மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. “அங்க என்ன குசுகுசுன்னு?” என்றபடி அமைச்சர் இடது கையால் தாளை அழுத்துகிறார். காலையில் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. அம்மா அதை நோக்கி விரலை நீட்டுகிறார். “இதுக்கும் தடைங்கய்யா.” பேனா, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது.